எழுந்து நடந்தவனைக் கவனியுங்கள்



சென்ற மாதம் ஒரு மாலைப் பொழுதில் ஒரு தாய் தம் பதினாறு வயது மகனை அழைத்துக்கொண்டு நம்மைக் காண வந்தார். மகன் வாசற்படியருகே தலைகுனிந்து நின்றுவிட்டான். "சாமி, இவன் இனிமேல் மைதானத்துக்குப் போகக்கூடாது என்று நீங்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கள். விளையாடிக்கொண்டிருந்த ஒரு பையனுக்கு மூளையில் இரத்தக் குழாய் வெடித்துவிட்டதாம். கேட்டதிலிருந்து எனக்கு உறக்கமே இல்லை" என்றார் தாய். மகன் நிமிர்ந்து பார்த்தான். "வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்த தாத்தாவுக்கும் அதேதானே சாமி வந்தது?" என்றான்.

தாயின் அச்சத்திலும் உண்மை உண்டு. மகனின் கேள்வியிலும் உண்மை உண்டு. அன்று இருவருக்கும் நின்றபடியே நாம் கூறிய விடை அரைகுறையானது. அதனை இம்மாதம் முழுமையாகக் கூற விரும்புகிறோம். நாம் மருத்துவர் அல்லோம். ஆயினும் இப்பொருளைக் குறித்துக் கேட்டும் படித்தும் அறிந்துகொள்ள வேண்டிய கடமை ஓர் இரவில் நம்மீது விழுந்தது. அந்த இரவைப் பற்றிப் பின்னர்ச் சொல்வோம்.

முதலில், தலைக்குள் நிகழ்வது யாது என்பதை விளங்கிக்கொள்வோம். மூளையின் எடை ஒன்றரைக் கிலோவுக்கும் சற்றுக் குறைவு. உடலின் மொத்த எடையில் அது நூற்றில் இரண்டு பங்கே. ஆயினும் உடல் செலவிடும் உயிர்வளியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அதற்கே வேண்டும். இரத்தத்தை அங்கே கொண்டு சேர்க்க நான்கு தமனிகள் கழுத்தின் வழியே மேலேறுகின்றன. இரண்டு கழுத்தின் முன்புறமாகவும், இரண்டு பின்புறத்தில் கழுத்தெலும்புகளின் துளைகளினூடேயும் செல்கின்றன. பின் கிளை கிளையாகப் பிரிந்து மூளையெங்கும் பரவுகின்றன.

இத்துணை அருமையான உறுப்பு மண்டையோடு என்னும் கெட்டியான பெட்டிக்குள், மூன்று உறைகளால் போர்த்தப்பட்டு இருக்கிறது. வெளியிலிருந்து வரும் இடரைத் தடுப்பதற்கு அப்பெட்டி நல்ல காவல். ஆயின் உள்ளே ஒரு குழாய் கிழிந்துவிட்டால் அக்காவலே பகையாகிவிடும். கையில் அடிபட்டு உள்ளே இரத்தம் கசிந்தால் கை வீங்கும். நாமும் வீக்கத்தைக் கண்டு மருந்திடுவோம். மண்டையோடு விரிந்து கொடுக்காது. கசிந்த இரத்தம் தனக்கு இடம் தேடி மூளையையே நெருக்கும். வெளியே ஒரு துளியும் தெரியாது.

பக்கவாதம் என்று நாம் வழங்கும் மூளைத்தாக்கு இருவகைப்படும். குழாய் அடைபட்டு இரத்தம் செல்லாமற்போவது ஒன்று. பெரும்பாலான தாக்குகள் இவ்வகையினவே. குழாய் வெடித்து இரத்தம் கசிவது மற்றொன்று. இது எண்ணிக்கையில் குறைவு, உயிரிழப்பில் கொடியது. இரத்தக் கொதிப்பு நெடுநாள் கவனிப்பாரற்றுக் கிடப்பதே இதற்குத் தலையாய காரணம். அடிபட்டதால் நேரும் கசிவை மருத்துவர்கள் பக்கவாதக் கணக்கில் எழுதுவதில்லை. தலைக்காயக் கணக்கில் எழுதுவார்கள். வீட்டாருக்கோ இரண்டும் ஒரே ஆபத்துதான். ஆடுகளத்திலிருந்து அந்த ஆபத்து இரண்டு வாயில்கள் வழியாக வருகிறது. ஒன்று அடி, மற்றொன்று திடீர் முயற்சி. இரண்டையும் தனித்தனியே பார்ப்போம்.

முதல் வாயில்: தலையிலும் கழுத்திலும் படும் அடி

இங்கே நமது பிழையை ஒப்புக்கொள்ள வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு சிற்றூரில் நாம் பணியாற்றியபோது, திருவிழாவை முன்னிட்டு இளைஞர்களுக்குக் கிரிக்கெட் போட்டி நடத்தினோம். கார்க் பந்தைக் கொண்டு ஆடினார்கள். அணியிடம் இருந்த தலைக்கவசம் ஒன்றே; அதை மட்டையாளர் அணிந்திருந்தார். விக்கெட்டுக்குப் பின்னால் வெறுந்தலையுடன் நின்ற பதினேழு வயதுச் சிறுவன், பந்தைப் பிடிக்க முன்னே பாய்ந்தான். வேகமாகச் சுழன்று வந்த மட்டை அவனது இடப்பக்கப் பொட்டில் பட்டது. சாய்ந்து விழுந்தான். எல்லோரும் ஓடினோம். அரை நிமிடம் ஆகியிருக்கும், கண் விழித்தான். சுற்றிலும் பார்த்துச் சிரித்தான். "ஒன்றுமில்லை சாமி" என்றான்.

நாமும் ஒன்றுமில்லை என்றே எண்ணினோம். ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி ஒற்றினோம். குடிக்கச் சோடா வாங்கிக் கொடுத்தோம். மாலையில் பரிசளிப்பின்போது அவன் தானே மேடையேறி வந்து பரிசு பெற்றான். கைதட்டல் வானைப் பிளந்தது. "வீட்டுக்குப் போய் நன்றாகப் படுத்துத் தூங்கு; காலையில் சரியாகிவிடும்" என்று சொல்லி நாமே அனுப்பிவைத்தோம்.

இரவு எட்டு மணிக்கு அவன் வாந்தி எடுத்தான். மைதானத்தில் கண்டதைத் தின்றிருப்பான் என்று தாய் நினைத்தார். மறுபடியும் வாந்தி எடுத்தான், தலைவலிக்கிறது என்றான், படுத்தான். ஒன்பதரை மணிக்குக் குறட்டை விட்டு உறங்கினான். களைப்பு என்று எண்ணி யாரும் எழுப்பவில்லை. தற்செயலாக அங்கு வந்தார் பக்கத்து வீட்டு அம்மையார். அரசு மருத்துவமனையில் செவிலியராயிருந்து ஓய்வு பெற்றவர். பகலில் அடிபட்ட செய்தி அவர் காதில் விழுந்ததும், கைவிளக்கை எடுத்துச் சிறுவனின் இமைகளை விலக்கிப் பார்த்தார். ஒரு கண்ணின் பாவை பெரிதாக விரிந்து கிடந்தது. "இது தூக்கமில்லை, வண்டியைக் கூப்பிடுங்கள்" என்றார்.

நாற்பது கிலோமீட்டர் தொலைவிலிருந்த மருத்துவமனைக்கு வாடகைக் காரில் அவனைக் கொண்டு சென்றோம். விடியுமுன் மண்டையோட்டைத் திறந்து, உறைந்த இரத்தத்தை அகற்றினார்கள். பின்னர் வெளியே வந்த மருத்துவர் கேட்ட முதற் கேள்வி இது: "அடிபட்டதும் இவனைத் தூங்கச் சொன்னது யார்?" அந்தத் தாய் நம்மைக் காட்டிக்கொடுக்கவில்லை, சுவரைப் பார்த்தபடி நின்றார். நாமே என்று ஒப்புக்கொண்டோம்.

மருத்துவர் கடிந்துகொள்ளவில்லை, விளக்கிச் சொன்னார். மண்டையோட்டின் எலும்பு பொட்டருகே மெல்லியது. அதன் உட்புறத்தை ஒட்டி ஒரு தமனி ஓடுகிறது. அவ்விடத்தில் எலும்பு விரிசல் கண்டால் அத்தமனி கிழிந்து, எலும்புக்கும் மேலுறைக்கும் இடையே இரத்தம் தேங்கத் தொடங்கும். முதல் அதிர்ச்சியில் மயங்கியவன் சிறிது நேரத்தில் தெளிந்து எழுவான், பேசுவான், நடப்பான். அதற்குள் உள்ளே இரத்தம் சேர்ந்துகொண்டிருக்கும். சில மணி நேரத்தில் மூளை நெருக்குண்டு மீண்டும் நினைவிழப்பான். அந்த இடைப்பட்ட தெளிவுதான் எல்லோரையும் ஏமாற்றுவது. "எழுந்து நடந்தவனைத்தான் நீங்கள் கவனித்திருக்க வேண்டும்" என்றார் மருத்துவர். அச்சொல்லே இக்கட்டுரையின் தலைப்பு.

இத்தகைய ஏமாற்றம் சிற்றூர் மைதானத்துக்கு மட்டும் உரியதன்று. இந்தியாவுக்காக நான்கு டெஸ்ட் ஆட்டங்களும் முப்பத்திரண்டு ஒருநாள் ஆட்டங்களும் ஆடியவர் டெல்லியைச் சேர்ந்த ராமன் லாம்பா. 1998 பிப்ரவரியில் அவர் டாக்கா நகரில் ஒரு கழக ஆட்டத்தில், மட்டையாளருக்கு மிக அருகே, தலைக்கவசமின்றிக் களக்காவல் நின்றார். மட்டையாளர் அடித்த பந்து அவர் தலையில் பட்டுத் தெறித்தது. தெறித்த வேகத்தில் பின்னால் நின்ற விக்கெட் காப்பாளர் அதைப் பிடித்துவிட்டார் என்றால் அடியின் வலிமையை ஊகித்துக்கொள்ளலாம். லாம்பா எழுந்தார்; தம் கால்களாலேயே நடந்து ஓய்வறைக்குச் சென்றார். சிறிது நேரத்திற்குப் பின்னரே உடல் நிலை மோசமாயிற்று. அறுவை சிகிச்சை செய்தும் பயனில்லை. பிப்ரவரி 23ஆம் நாள் மூளை இரத்தக்கசிவால் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது முப்பத்தெட்டு.

அவருக்கு முப்பத்தாறு ஆண்டுகள் முன்னதாக நாரி கான்ட்ராக்டர் பிழைத்த வரலாற்றையும் அறிந்திருத்தல் நலம். 1962 மார்ச்சில் இந்திய அணித் தலைவராக மேற்கிந்தியத் தீவுகளுக்குச் சென்றிருந்தவர், பார்படோஸ் அணிக்கு எதிரான ஆட்டத்தில் சார்லி கிரிஃபித் வீசிய பந்து தலையில் பட்டு வீழ்ந்தார். அக்காலத்தில் மட்டையாளர் தலைக்கவசம் அணியும் வழக்கமே இல்லை. மண்டையோடு உடைந்து, உள்ளே உறைந்த இரத்தத்தை அகற்ற உடனே அறுவை சிகிச்சை நடந்தது. இரத்தம் கொடுக்க முன்வந்தவர்களுள் எதிரணித் தலைவரான ஃபிராங்க் வொரெலும் ஒருவர். அந்நன்றியை மறவாமல் கொல்கத்தாவில் வங்காளக் கிரிக்கெட் சங்கத்தார் ஆண்டுதோறும் பிப்ரவரி 3ஆம் நாளை வொரெல் நாளாகக் கொண்டாடி இரத்த தானம் நடத்துகிறார்கள். கான்ட்ராக்டரின் மண்டையோட்டில் உலோகத் தகடு பொருத்திய இடம் நமது வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. செய்தவர் டாக்டர் ஜேக்கப் சாண்டி. இந்தியாவின் முதல் மூளை அறுவைத் துறையை 1949இல் அங்கே தொடங்கியவர் அவரே. அத்தகடு அறுபது ஆண்டுகள் இருந்து, 2022இல் மும்பையில் அகற்றப்பட்டது. கான்ட்ராக்டர் மீண்டும் முதல்தர ஆட்டங்கள் ஆடினார். டெஸ்ட் ஆட்டம் மட்டும் ஆடவே இல்லை.

தலைக்கவசம் இருந்தால் போதுமன்றோ என்று கேட்கலாம். 2014 நவம்பர் 25ஆம் நாள் சிட்னி மைதானத்தில், ஆஸ்திரேலிய வீரர் ஃபிலிப் ஹியூஸ் தலைக்கவசம் அணிந்தே ஆடிக்கொண்டிருந்தார். அறுபத்து மூன்று ஓட்டங்கள் எடுத்திருந்தார். எகிறி வந்த பந்தைத் திரும்பி அடிக்க முயன்றபோது, அது கவசத்துக்குக் கீழே, இடப்பக்கக் கழுத்தில் பட்டது. கழுத்தெலும்பின் துளையூடே மேலேறும் தமனி கிழிந்து, இரத்தம் மூளையைச் சூழ்ந்தது. இரு நாட்களில் அவர் இறந்தார். இருபத்தாறாவது பிறந்த நாளுக்கு மூன்று நாட்களே இருந்தன. இத்தகைய காயம் மிக மிக அரிது. மருத்துவ ஏடுகளில் பதிவானவை ஏறத்தாழ நூறே என்று அப்போது மருத்துவர்கள் தெரிவித்தார்கள். 2016இல் நடந்த விசாரணையில், பந்து பட்டபின் எவர் என்ன செய்திருந்தாலும் அவரைக் காப்பாற்றியிருக்க இயலாது என்றே முடிவு கண்டார்கள். எவர்மீதும் குற்றம் காணவில்லை. அந்தப் பந்தை வீசிய இளைஞரும் நம் இரக்கத்துக்கு உரியவரே. விதிப்படி ஆடியவர் அவர். தீய எண்ணம் கொண்டவரல்லர்.

அம்மரணம் வீண்போகவில்லை. கழுத்தின் பின்புறத்தை மறைக்கும் காப்பு தலைக்கவசத்தோடு சேர்ந்தது. 2023 அக்டோபர் முதல் ஆஸ்திரேலியாவில் வேகப்பந்தை எதிர்கொள்வோர் அதனை அணிவது கட்டாயமாயிற்று. தலையில் அடிபட்டவருக்குப் பதிலாக வேறொருவர் முழுமையாக ஆடலாம் என்னும் விதி 2019 ஆகஸ்டில் டெஸ்ட் ஆட்டங்களில் நடைமுறைக்கு வந்தது. அம்மாதமே லண்டன் லார்ட்ஸ் மைதானத்தில் அதன் தேவை விளங்கிற்று. கழுத்தில் பந்து பட்டு வீழ்ந்த ஸ்டீவ் ஸ்மித் அன்றே திரும்பி வந்து மட்டை பிடித்தார், மறுநாள் காலையில்தான் மூளையதிர்ச்சியின் அறிகுறிகள் தோன்றின, அவர் விலக்கப்பட்டார். சிறந்த மருத்துவர்கள் சூழ்ந்திருந்த இடத்திலேயே அறிகுறி மறுநாள் வரை காத்திருந்தது என்றால், நம் ஊர் மைதானத்தில் எத்துணை எச்சரிக்கை வேண்டும்!

மேலே கூறியவை எல்லாம் எதிர்பாராமல் நேர்ந்தவை. தலையில் அடிப்பதையே நோக்கமாகக் கொண்ட குத்துச்சண்டையின் நிலை வேறு. அங்கே ஓர் அடியைவிட அடுத்தடுத்து விழும் அடிகளே கேடு செய்கின்றன. தலை திடீரெனச் சுழலும்போது மூளை மண்டையோட்டுக்குள் பின்தங்கி அசைகிறது. மூளைக்கும் மேலுறைக்கும் இடையே பாலம்போல் செல்லும் மெல்லிய சிரைகள் அறுந்துவிடுகின்றன. 1982 நவம்பரில் லாஸ் வேகாஸ் நகரில் பதினான்காவது சுற்றில் வீழ்ந்த கொரிய வீரர் கிம் டுக் கூ இவ்வகைக் கசிவால் சில நாட்களில் இறந்தார். அதன் பின்னரே உலகக் குத்துச்சண்டைக் கழகம் பட்டப் போட்டிகளைப் பதினைந்து சுற்றுகளிலிருந்து பன்னிரண்டாகக் குறைத்தது.

இச்சிரைகள் முதுமையில் இன்னும் எளிதில் அறுபடும். முதியவர்கள், மது அருந்துவோர், இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை உண்போர் ஆகியோருக்குச் சிறு அடியே போதும். இரத்தம் துளித்துளியாகச் சேர்ந்து, சில நாட்களோ சில வாரங்களோ கழித்துத் தலைவலியாகவும் மறதியாகவும் தடுமாற்றமாகவும் வெளிப்படும். பேரப்பிள்ளையோடு பந்தாடி விழுந்த தாத்தா மூன்று வாரம் கழித்து ஏதேதோ உளறினால், முதுமை என்று ஒதுக்காதீர்கள். விழுந்ததை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இரண்டாம் வாயில்: திடீர் முயற்சி

அடியேதும் படாமல், ஓடும்போதோ பளு தூக்கும்போதோ குழாய் வெடிப்பதும் உண்டு. இதனை விளங்கிக்கொள்ள ஒரு கணக்கு உதவும். அமைதியாயிருக்கும்போது நலமுள்ளவரின் இரத்த அழுத்தம் 120க்கு 80 என்ற அளவில் இருக்கும். கனடா நாட்டில் 1985இல் வெளியான ஓர் ஆய்வில், உடற்கட்டுப் பயிற்சி செய்யும் இளைஞர்கள் மூச்சை அடக்கிக் கால்களால் பெரும்பளுவைத் தள்ளியபோது, தமனிக்குள்ளேயே கருவி வைத்து அளந்தார்கள். சராசரியாக 320க்கு 250 வரை ஏறியது! அந்த இளைஞர்களுக்குத் தீங்கொன்றும் நேரவில்லை. நலமுள்ள குழாய் சில நொடிகள் அதனைத் தாங்கும். நலிந்த குழாயின் கதி என்னவாகும்?

நலிவு இருவகையாக இருக்கலாம். முதலாவது, ஆண்டுக்கணக்கில் இரத்தக் கொதிப்பால் அரிக்கப்பட்ட சிறு குழாய்கள். இரண்டாவது, பெரிய தமனி கிளைபிரியும் இடத்தில் சைக்கிள் டியூபில் எழும் புடைப்புப்போல ஒரு சிறு புடைப்பு. பெரியவர்கள் நூறு பேரில் ஏறத்தாழ மூவருக்கு இப்புடைப்பு இருக்கக்கூடும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அஞ்ச வேண்டா, அவற்றுள் பெரும்பாலானவை வாழ்நாள் முழுவதும் வெடிப்பதே இல்லை. புகைபிடித்தலும் இரத்தக் கொதிப்பும் வெடிக்கும் வாய்ப்பைக் கூட்டுகின்றன. அரிதாக, பிறவியிலேயே தமனியும் சிரையும் தாறுமாறாகப் பின்னிக்கொண்டிருப்பதும் உண்டு. இளைஞர்களுக்கு அடியின்றி வரும் கசிவில் இதுவும் ஒரு காரணம்.

புடைப்பு வெடித்து வந்த 250 நோயாளிகளை நெதர்லாந்து நாட்டு மருத்துவர்கள், வெடிக்குமுன் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று வினவி, 2011இல் ஆய்வை வெளியிட்டார்கள். வெடிப்பைத் தூண்டியவையாக எட்டுச் செயல்கள் தென்பட்டன. கடும் உடற்பயிற்சி அப்பட்டியலில் இருந்தது. அதனோடு காபி குடித்தல், மூக்கைச் சிந்துதல், மலச்சிக்கலால் முக்குதல், திடுக்கிடுதல், கோபப்படுதல் ஆகியவையும் இருந்தன. காபியின் பங்கு உடற்பயிற்சியின் பங்கைவிடச் சற்று மிகுதி! ஓட்டம் புதிதாகக் குழாயைக் கெடுப்பதில்லை. முன்னரே நலிந்து கிடந்த குழாய்க்குக் கடைசி உந்துதலாக அமைகிறது. அவ்வுந்துதலை ஒரு கோபச் சொல்லும் கொடுத்துவிடும்.

எனவே இவ்வாயிலில் நாம் கவலைப்பட வேண்டியவர், நாள்தோறும் ஓடியாடும் பதினாறு வயதுச் சிறுவனைவிட, அவனுடைய தந்தையே. திருவிழாக் காலங்களில் மணமானவர்களுக்கும் மணமாகாதவர்களுக்கும் கால்பந்துப் போட்டி வைப்பது நம் ஊர்களில் வழக்கம். ஆண்டு முழுவதும் நாற்காலியில் அமர்ந்திருந்தவர், கொதிப்பு மாத்திரையை "உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது" என்று நிறுத்திவிட்டவர், இரவெல்லாம் கண்விழித்துத் தோரணம் கட்டியவர், நண்பகல் வெயிலில் இளைஞர்களோடு ஓடுகிறார்! கைதட்டுகிறவர்களுள் ஒருவராவது, "அண்ணே, கடைசியாக எப்போது பிரஷர் பார்த்தீர்கள்?" என்று கேட்பதுண்டா? நாம் இப்போது பெயர் எழுதும் மேசையருகே செவிலியர் ஒருவரை அமர்த்தியிருக்கிறோம். நாற்பது வயதைக் கடந்தவர் கையை நீட்டி அழுத்தம் பார்த்துக்கொண்ட பின்னரே களத்தில் இறங்கலாம். முதலாண்டில் சிலர் முகம் சுளித்தார்கள். அவ்வாண்டே, தமக்குக் கொதிப்பு இருப்பதை அறியாதிருந்த மூவர் அம்மேசையருகே அறிந்துகொண்டார்கள்.

விளையாட்டு பகையா?

அன்று, விளையாட்டு நட்பே. முறையாக ஓடியாடுவோருக்கு மூளைத்தாக்கு வரும் வாய்ப்பு, சோம்பியிருப்போரைக் காட்டிலும் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைவு எனப் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தோர் கண்டிருக்கிறார்கள். அடைப்பால் வரும் தாக்குக்கும் கசிவால் வரும் தாக்குக்கும் இது பொருந்தும். இரத்தக் கொதிப்புள்ளவர் நாள்தோறும் நடந்தால் அழுத்தம் ஐந்து முதல் எட்டு அலகு வரை இறங்குகிறது. பெரியவர்கள் வாரத்துக்கு 150 நிமிடமேனும் மிதமான உடலுழைப்பும், சிறுவர்கள் நாளொன்றுக்கு ஒரு மணி நேரமும் மேற்கொள்ள வேண்டும் என்று உலக நலவாழ்வு நிறுவனம் அறிவுறுத்துகிறது. பிள்ளையை மைதானத்திலிருந்து மீட்டு வீட்டுக்குள் அடைத்தால், நாற்பது வயதில் வரவிருக்கும் கொதிப்புக்கு நாமே வித்திட்டவர்களாவோம். ஆதலின் தடை வேண்டா, காவல் வேண்டும்.

அக்காவல் எத்தகையது?

களத்தில் இறங்குமுன்: கெட்டிப் பந்தானால் மட்டை பிடிப்பவர், விக்கெட் காப்பவர், அருகே நிற்பவர் மூவருக்கும் கவசம் வேண்டும். மூன்று கவசம் வாங்க இயலாத அணி டென்னிஸ் பந்தில் ஆடட்டும். பளு தூக்குவோர் மூச்சை அடக்காமல், தூக்கும்போது வெளியே விடப் பழகட்டும். கொதிப்புள்ளவர் மாத்திரையைத் தாமாக நிறுத்தாதிருக்கட்டும்.

அடிபட்டபின்: சிறிதளவு மயங்கினாலும், தடுமாறினாலும், நடந்தது மறந்தாலும், அன்று அவருக்கு ஆட்டம் முடிந்தது. "இன்னும் இரண்டு ஓவர்தான்" என்னும் பேச்சுக்கே இடமில்லை. மயங்கியவர் தெளிந்துவிட்டாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். கழுத்தில் வலி என்றால் தலையை அசைக்காமல் உதவிக்குக் காத்திருங்கள். இருபத்து நான்கு மணி நேரம் தனியே விடாதீர்கள். மீண்டும் மீண்டும் வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, எழுப்பினால் எழாத உறக்கம், குழறும் பேச்சு, வலிப்பு, ஒரு கையோ காலோ சோர்தல், சமமில்லாத கண்பாவைகள், காதிலோ மூக்கிலோ தெளிந்த நீர் வடிதல் ஆகியவற்றுள் ஒன்று கண்டாலும் பொழுது விடியக் காத்திராதீர்கள். ஸ்கேன் கருவியும் அறுவை வசதியும் உள்ள மருத்துவமனைக்கு விரையுங்கள்.

அடிபடாதபோதும்: ஆடிக்கொண்டிருந்தவர் திடீரெனத் தலையைப் பிடித்துக்கொண்டு, "இப்படி ஒரு தலைவலி என் வாழ்நாளில் வந்ததில்லை" என்றால், அது வெயில் தலைவலி என்று தைலம் தடவி இருக்காதீர்கள். இடியிறங்கியதுபோல் நொடியில் உச்சத்தை எட்டும் வலி, புடைப்பு வெடித்ததன் அடையாளமாக இருக்கலாம். முகம் கோணுதல், கை தளர்தல், சொல் குழறுதல் ஆகியவையும் அவ்வாறே. உடனே 108ஐ அழையுங்கள். வாயில் தண்ணீரோ உணவோ ஊற்றாதீர்கள். ஆஸ்பிரின் மாத்திரை எக்காரணத்தாலும் கொடுக்காதீர்கள். அடைப்பா கசிவா என்பது ஸ்கேன் எடுத்தபின்னரே தெரியும். கசிவாக இருப்பின் அம்மாத்திரை இரத்தத்தை மேலும் ஓடச் செய்யும்.

நம்மைக் காண வந்த தாய்க்கும் மகனுக்கும் வருவோம். தாயே, உம் மகனைத் தடுக்காதீர். அவன் ஆடிவிட்டு வரும்போது, எத்தனை ஓட்டம் எடுத்தாய் என்று கேட்பதோடு, எங்கேனும் அடிபட்டதா என்றும் கேளும். கேட்டால் ஏசுவார்கள், நாளை அனுப்பமாட்டார்கள் என்ற பயம் இருக்கும்வரை எந்தப் பிள்ளையும் உண்மை சொல்லமாட்டான். தம்பி, நீயும் கேள். அடியை மறைப்பது வீரமன்று. உன் நண்பன் அடிபட்டுச் சிரித்தால், அவனோடு சிரித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடாதே. அவன் வீடுவரை சென்று, அவன் தாயிடம் நடந்ததைச் சொல்லிவிட்டுப் போ. அன்று நம் மைதானத்தில் நின்ற நூறு பேரில் ஒருவரும் அதைச் செய்யவில்லை. முதலில் செய்திருக்க வேண்டியவர் நாம்.

அந்தச் சிறுவன் பிழைத்தான். சில மாதங்கள் பேச்சு மெதுவாக வந்தது, பிறகு சீரானது. இன்று அவனும் ஒரு பிள்ளைக்குத் தந்தை. அவ்வூர்த் திருவிழாப் போட்டிக்கு இப்போது நடுவராக நிற்பவன் அவனே. கவசமில்லாமல் விக்கெட் காக்க எவன் வந்தாலும் ஆட்டத்தைத் தொடங்கமாட்டானாம். இளைஞர்கள் முணுமுணுத்தால் தொப்பியைக் கழற்றி, இடக்காதுக்கு மேலே முடி முளைக்காத அந்தத் தழும்பைக் காட்டுவானாம். பிறகு எவரும் பேசுவதில்லை.